அலவாங்கா, கடப்பாரையா? (வாசகர் கேள்வி பதில்)

இந்த மாதம் வந்த கடிதங்களில் மூன்று, சொல்லிவைத்தாற்போல இரும்புச் சாமான்களின் பெயரைப் பற்றியே வந்திருக்கின்றன. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: அக்கா, வணக்கம். நான் பிறந்தது கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். வாழ்க்கைப்பட்டது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பத்தில். போன வாரம் வீட்டுக்குப் பின்னால் வேலிக்கால் நட வேண்டியிருந்தது. "அந்த அலவாங்கை எடுத்துக்கொண்டு வா பிள்ளை" என்று மாமி சொன்னார். என் மகன் முழித்தான். நான் "கடப்பாறைடா" என்றதும் ஓடிப்போய் எடுத்து வந்தான். அதற்குப் பிறகு பிள்ளைகள் இரண்டும் பாட்டி தப்பான தமிழ் பேசுகிறார் என்று சிரிக்கின்றன. மாமிக்கு முகம் வாடிவிட்டது. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, எனக்கே பதில் தெரியவில்லை. எது சரியான தமிழ்? கடப்பாறைக்கு வல்லின றகரம்தானே? (வாசகி, பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: முதலில் ஒன்று செய்யுங்கள் தங்கச்சி. பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பாட்டி சொன்னது தப்பில்லை, நானூறு ஆண்டு வயதுள்ள சொல் என்று சொல்லுங்கள். மீதியை அப்புறம் பேசலாம்.

அலவாங்கு போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. அவர்கள் மொழியில் அலவாங்கா என்றால் நெம்புகோல். மரமோ இரும்போ, அடியில் கொடுத்துத் தூக்குகிற எதுவும் அலவாங்காதான். இன்றைக்கும் காரில் கியர் மாற்றுகிற தண்டுக்கு அந்தப் பெயர்தான் வழங்குகிறது. யாழ்ப்பாணத்துக்கு வந்ததும் பொருள் சுருங்கி, நிலத்தைத் தோண்டவும் கல்லைக் கிளப்பவும் பயன்படுகிற அந்த நீள இரும்புக்கு மட்டும் பெயராகிவிட்டது. யாழ்ப்பாண அரசைப் போர்த்துகீசியர் 1619இல் பிடித்தார்கள், 1658இல் டச்சுக்காரர்களிடம் இழந்தார்கள். அந்த நாற்பது ஆண்டுக்குள் அங்கே கோட்டை எழுந்தது, மாதாகோயில்கள் எழுந்தன. கட்டட வேலைக்குப் போன நம் ஆட்கள் கூலியோடு சொற்களையும் வாங்கி வந்தார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். யாழ்ப்பாணத் தரை சுண்ணாம்புக் கல் தரை, கிணறு வெட்ட வேண்டுமென்றால் கல்லைப் பெயர்க்காமல் முடியாது. அப்படிப்பட்ட ஊரில் இந்த இரும்பு ஏதோ ஒரு மூலையில் கிடக்கிற சாமான் இல்லை, ஒவ்வொரு வீட்டுக்கும் வேண்டியது. பெயர் நிலைத்துப் போனதில் ஆச்சரியமே இல்லை.

உங்கள் மாமியின் பேச்சைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். நாற்காலியைக் கதிரை என்பார், காலணியைச் சப்பாத்து என்பார், ரொட்டியைப் பாண் என்பார், அடுக்களையைக் குசினி என்பார், கைக்குட்டையை லேஞ்சி என்பார். எல்லாம் அந்த ஒரே வீட்டிலிருந்து வந்தவை. இதைக் கேட்டுவிட்டு நாம் சுத்தத் தமிழ் பேசுகிறோம், அவர்கள்தான் கலந்து பேசுகிறார்கள் என்று தோட்டத்துப் பக்கத்து ஆட்கள் யாரும் நிமிர்ந்து உட்கார வேண்டாம். நாம் பூட்டுகிற சாவி, திறக்கிற ஜன்னல், துணி வைக்கிற அலமாரி, சாப்பிடுகிற மேசை எல்லாமே போர்த்துகீசியம்தான். ஏலமும் அப்படித்தான். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் துணிக்கடைக்காரர் தொண்டை கிழிய "லெலோங், லெலோங்" என்று கத்துகிறாரே, அந்த மலாய்ச் சொல்லும் நம் ஏலமும் கூடப் பிறந்தவை. ஒரே லெய்லாவுங் மலாக்காவில் இறங்கி லெலோங் ஆனது, நம் கரையில் இறங்கி முதல் எழுத்தை உதிர்த்துவிட்டு ஏலம் ஆனது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இதே கருவிக்கு மலாய் அகராதியில் ஒரு சொல் இருக்கிறது: அலபங்கா. போர்த்துகீசியர் மலாக்காவை 1511இல் பிடித்து 1641 வரை வைத்திருந்தார்கள், அப்போது ஒட்டிக்கொண்டது. சரி, அப்படியானால் மாமியின் சொல் இங்கே மலாயாவுக்கு வந்த பிறகு மலாய்க்காரர்களிடமிருந்து தொற்றியதாக இருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். இருக்க முடியாது. மலாய்க்காரர்கள் அந்தக் காலத்தில் வகரத்தைப் பகரமாக்கித்தான் வாங்கினார்கள். வராந்தா அவர்கள் வாயில் பெராண்டா ஆனது, அலவாங்கா அலபங்கா ஆனது. மாமியின் அலவாங்கில் வகரம் அப்படியே நிற்கிறது. இரண்டு துறைமுகத்தில் தனித்தனியாக இறங்கிய சரக்கு அது. நானூறு ஆண்டு கழித்து பிரிக்பீல்ட்ஸில் ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில் வந்து சந்தித்திருக்கிறது.

எப்படி வந்தது என்பதும் தெரிந்த கதைதான். மலாயாவின் முதல் ரயில் பாதை 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குத் திறந்தது, அதைப் போட்டவர்கள் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட பயனியர் படையினர். அப்புறம் கணக்கெழுதும் கிராணிமாராகவும் ஸ்டேஷன் மாஸ்டராகவும் யாழ்ப்பாணத்தார் வந்தார்கள். தண்டவாளத்தைத் தூக்கி நகர்த்துகிற வேலைக்குத் தமிழ்நாட்டு ஆட்கள் வந்தார்கள். என் அப்பா அந்த வேலையில் இருந்தவர். பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்று கடப்பாரையைத் தண்டவாளத்துக்கு அடியில் கொடுத்து, ஒருவர் பாட்டெடுக்க, எல்லாரும் ஒரே மூச்சில் நெம்புவார்களாம். அப்பா கடப்பாரை என்பார், கணக்கெழுத வந்த ஐயா அதையே அலவாங்கு என்று சாமான் நோட்டில் எழுதுவாராம். "எந்தப் பேரில் எழுதினாலும் கனம் ஒண்ணுதான்" என்று அப்பா சொல்வது இன்னும் காதில் இருக்கிறது.

இப்போது உங்கள் கடப்பாறைக்கு வருகிறேன். இதில் திருத்தம் உங்களுக்குத்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். இடையின ரகரம்தான் சரி, கடப்பாரை. பாறையை உடைக்கிற கருவி, அதனால் பாறை என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். கடப்பா கல்லை உடைப்பதால் கடப்பாறை என்று ஒருவர் எனக்கு விளக்கமே எழுதியிருந்தார். பாரை என்று தனியாகவே ஒரு சொல் உண்டு, நீளமான தோண்டும் இரும்பு என்று பொருள். அதற்குச் சாட்சி வேண்டுமா? ஔவையாரின் நல்வழியில் உங்கள் பிள்ளைகளுக்கு நீங்களே சொல்லிக்கொடுத்திருப்பீர்கள்:

நெட்டிருப்புப் பாரைக்கு நெக்குவிடாப் பாறை
பசுமரத்தின் வேருக்கு நெக்கு விடும்

நீண்ட இரும்புப் பாரைக்குப் பிளக்காத பாறை, பச்சை மரத்தின் வேருக்குப் பிளந்துகொடுக்கும். பாரையும் பாறையும் ஒரே அடியில் எதிரும் புதிருமாக நிற்கின்றன. இரண்டும் ஒரே சொல்லாக இருந்தால் இந்தப் பாட்டே இல்லை. வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டு, எது கருவி, எது கல் என்று கேட்டுப் பாருங்கள், பிள்ளைகள் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள்.

பக்கத்து வீட்டுச் சாட்சியும் இருக்கிறது. மலையாளத்தில் இந்தக் கருவி கம்பிப்பார, அங்கேயும் இடையின ரகரம்தான். கல்லுக்கு வரும் பாற என்ற சொல்லை வல்லினத்தில்தான் எழுதுகிறார்கள். கன்னடத்தில் ஹாரே. கன்னடம் நம் சொல்முதல் பகரத்தையெல்லாம் ஹகரமாக்கிவிடும் மொழி. பால் அங்கே ஹாலு, பல் ஹல்லு, பூ ஹூ. அந்தக் கணக்கில் பாரை ஹாரேதானே ஆக வேண்டும்? தெலுங்கில் கட்டபார என்று அழுத்திச் சொல்வார்கள், முன்பாதிக்கு மண்கட்டி என்று பொருள். நம் கடப்பாரையின் முன்பாதியும் அதை ஒட்டியதாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து, மண்ணைக் கட்டிகட்டியாகப் பெயர்ப்பதுதானே அதன் வேலை.

ஆக, கடப்பாரை திராவிட மொழிக் குடும்பத்துச் சொந்தச் சொல், அலவாங்கு கப்பலில் வந்து குடியேறிய சொல். இரண்டும் தமிழ்தான். வந்து நானூறு ஆண்டு ஆனவரை வெளியூர்க்காரர் என்று சொல்வதை இந்த நாட்டில் வாழ்கிற நாம் ஒருநாளும் ஒப்புக்கொள்ளக் கூடாது, சொல்லுக்கும் அதே நியாயம்தான். நாம் வாங்க மட்டும் செய்யவில்லை, கொடுத்தும் இருக்கிறோம். மண்வெட்டியைப் பேச்சில் மம்மெட்டி, மம்பட்டி என்கிறோம் அல்லவா, அதை ஆங்கிலேயர்கள் மமோட்டி என்று எடுத்துக்கொண்டார்கள். 1886இல் வந்த யூல், பர்னல் இருவரின் ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதியில் அது இருக்கிறது. இலங்கை ஆங்கிலத்தில் இன்றைக்கும் மண்வெட்டிக்கு அதுதான் பெயர். இங்கே நம் தோட்டத்துத் துரைமார்கள் ஏன் அதைச் சொல்லவில்லை என்றால், இங்கே மலாய்ச் சொல்லான சங்குல் முந்திக்கொண்டது.

மாமிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அடுத்த முறை ஸ்காட் ரோட்டுக் கந்தசுவாமி கோயிலுக்கு வந்தால் அவரிடம் நேரில் உட்கார்ந்து இன்னும் பத்துச் சொல் கேட்க ஆசை.

கேள்வி: பிக்காசு என்பது தமிழா? ரோடு போடுகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்களே! (வாசகர், செந்தூல்)

பதில்: ஆங்கிலத்தில் பிக்ஆக்ஸ் என்பார்கள், அதிலிருந்து வந்தது. பழைய தமிழ்ப் பெயர் வேண்டுமென்றால் குந்தாலி இருக்கிறது, ஊர்ப்பக்கம் இன்னும் சொல்கிறார்கள். ஆனால் இந்தப் பிக்காசுக்குள் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. ஆங்கிலப் பெயரில் ஆக்ஸ் என்று கோடாலி வருகிறதே, கருவியில் கோடாலி எங்கே என்று பார்த்தால் காணோம். காரணம், அது முதலில் பழைய பிரெஞ்சுச் சொல், பிக்கோய்ஸ் என்பது போல உச்சரிப்பு. ஆங்கிலேயர்களுக்குக் கடைசிப் பகுதி புரியவில்லை, தங்களுக்குத் தெரிந்த கோடாலியை அங்கே ஒட்டிவிட்டார்கள். நாம் பாரையைப் பாறை ஆக்கிய அதே வேலைதான். நம் ரோட்டு வேலை ஆட்கள் அதைக் காதால் கேட்டுப் பிக்காசு என்று சொன்னபோது, தெரியாமலே பழைய பிரெஞ்சு உருவத்துக்குப் பக்கத்தில் போய்விட்டார்கள்.

கேள்வி: என் மகள் இத்தாலியில் பாதுவா பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். விடுமுறையில் ஆசியாகோ மலைப்பக்கம் போனபோது, அங்கே சிம்பிரியன் என்று ஒரு கூட்டம் ஜெர்மன் போன்ற ஒரு மொழி பேசுவதாகச் சொன்னார்களாம். ரோமாபுரியை நடுங்க வைத்த பழைய சிம்பிரி வீரர்களின் வாரிசுகள் என்று ஒருவர் சொன்னாராம், இல்லை, கோடாலிக்காரர்கள் என்பதுதான் பெயரின் பொருள் என்று இன்னொருவர் சொன்னாராம். எது உண்மை? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: மகள் நல்ல இடத்துக்குப் போயிருக்கிறார். ஆசியாகோ மேட்டு நிலம், வெரோனாவுக்கு மேலே இருக்கும் ஜாட்சா, திரெண்டினோவில் லுசெர்னா என்று மூன்று பக்கமாக இந்த மொழி எஞ்சியிருக்கிறது. அதிலும் லுசெர்னாதான் இன்றும் ஊரே பேசுகிற இடம், சில நூறு பேர் வாழும் மலைக் கிராமம். நம் தோட்டத்து லயத்தில் இருந்த கூட்டத்தை விடக் குறைவு. அந்த மொழியில் 1602இலேயே கிறிஸ்தவ வினாவிடைப் புத்தகம் அச்சாகியிருக்கிறது என்பதைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

வீரர் கதை அழகான கதை, ஆனால் மொழி அதை ஒத்துக்கொள்ளவில்லை. பழைய சிம்பிரிகளை ரோமானியத் தளபதி மாரியுஸ் கி.மு. 101இல் வெர்செல்லே போரில் முறியடித்தார். தப்பியவர்கள் மலையேறி ஒளிந்தார்கள் என்று பின்னால் வந்த அறிஞர்கள் எழுதிவைத்தார்கள். அப்படி அன்றே பிரிந்து போயிருந்தால் அவர்கள் பேச்சில் பழைய ஒலி இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் தண்ணீருக்கு வாட்டர், ஜெர்மனில் வாஸ்ஸர். அந்த டகர ஒலி ஸகரமாக மாறியது கிறிஸ்துவுக்குப் பிறகு பல நூற்றாண்டு கழித்து, தெற்கு ஜெர்மன் பக்கத்தில் நடந்த மாற்றம். சிம்பிரியன் மொழியில் தண்ணீர் பாஸ்ஸர். மாற்றம் அதிலும் இருக்கிறது! அப்படியானால் அந்த மாற்றம் நடந்த பிறகுதான் அவர்கள் அந்த இடத்தை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். பவேரியாவிலிருந்து இடைக்காலத்தில், பதினோராம் பன்னிரண்டாம் நூற்றாண்டு வாக்கில் காடு திருத்தக் குடியேறிய மக்கள் என்பதுதான் மொழியறிஞர்கள் ஒப்புக்கொண்ட கணக்கு. வாஸ்ஸர் பாஸ்ஸர் ஆனதையும் பாருங்கள், வகரம் பகரமாகிவிட்டது. மேலே பெராண்டாவில் பார்த்ததேதான். கன்னடக்காரர்கள் நம் வேரைப் பேரு என்பதும் அதேதான்.

கோடாலிக்காரர் விளக்கத்துக்கு இன்னும் கொஞ்சம் பலம் உண்டு. ஜெர்மனில் த்ஸிம்மர்மன் என்றால் தச்சர், ஆங்கிலத்தில் கட்டட மரத்துக்கு டிம்பர் என்கிறோமே, அதே வேர்தான். பழைய வடிவத்தில் நடுவில் பகரம் இருந்தது, த்ஸிம்பெர் என்பது போல. காட்டை வெட்டி மரம் இழைத்துப் பிழைத்தவர்களை அக்கம்பக்கத்தார் அந்தத் தொழிற்பெயரால் அழைத்திருக்கலாம், படித்தவர்கள் காதில் அது சிம்பிரி என்று விழுந்து வீரர் கதை பிறந்திருக்கலாம். வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் என்னைக் கேட்டால் நான் தச்சர் பக்கம்தான் நிற்பேன். ஒரு கூட்டத்துக்குச் செய்கிற வேலையால் பெயர் விழுவதை நாம் பார்த்தே வளர்ந்தவர்கள் ஆயிற்றே. தோட்டத்தில் பால்வெட்டுக்காரர், ரோட்டுக்காரர், தண்ணி இலாகாக்காரர் என்றுதான் ஆளை அடையாளம் சொல்வோம், சொந்தப் பெயர் சாவு வீட்டில்தான் தெரியவரும்.

கோடாலியைப் பற்றி ஒரு சுவையான விஷயம். பொது ஜெர்மனில் ஹக்கே என்றால் களை கொத்துகிற கருவி. ஆஸ்திரியாவிலும் பவேரியாவிலும் அதே சொல்லுக்குக் கோடாலி என்று பொருள். வேர்ச்சொல்லுக்கு வெட்டு, கொத்து என்றுதான் அர்த்தம், எதை வெட்டுவது என்று அது சொல்வதில்லை. வயல்காட்டில் இருந்தவன் மண்ணை வெட்டினான், மலைக்காட்டில் இருந்தவன் மரத்தை வெட்டினான். நம் வெட்டும் இப்படித்தான் எல்லா இடத்துக்கும் போகிறது: மண்வெட்டி, கல்வெட்டு, மரவெட்டு, அப்புறம் இங்கே மலாயாவில் வந்து பால்வெட்டு. ரப்பர் மரத்தை யாரும் வெட்டிச் சாய்ப்பதில்லை, பட்டையை மெல்லிசாகச் சீவுகிறோம், ஆனாலும் வெட்டுதான்.

இரும்பு என்ற சொல்லுக்கே வருகிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மானிய மொழிகளில் இரும்புக்கு இருக்கும் ஐஸன், அயர்ன் எல்லாம் பக்கத்தில் வாழ்ந்த கெல்ட்டியரிடமிருந்து வாங்கியது என்பதே பெரும்பாலோர் கருத்து. ஆல்ப்ஸ் மலையின் கிழக்குப் பகுதியில் இருந்த நோரிக்கம் என்ற கெல்ட்டிய நாட்டின் இரும்பு ரோமானியர்களிடையே பெயர் பெற்றது. நல்ல கொல்லரிடம் இரும்பு வாங்கினவர்கள் பெயரையும் அவரிடமே வாங்கிக்கொண்டார்கள். திராவிட மொழிகள் இதில் வேறு வழி போயின. கன்னடத்தில் கப்பிண என்பது கருமையும் பொன்னும் சேர்ந்த சொல், நம்மிடமும் கரும்பொன் உண்டு. உலோகம் எல்லாமே ஒரு காலத்தில் பொன்தான், நிறத்தைச் சேர்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

உங்கள் மகள் மறுபடி அந்த மலைக்குப் போவதாக இருந்தால் லுசெர்னா வரைக்கும் போகச் சொல்லுங்கள். வயதான ஒருவரிடம் கோடாலியைக் காட்டி, கடப்பாரையைக் காட்டி, உங்கள் பாட்டி இதை என்னவென்று சொல்வார் என்று கேட்கட்டும். கேட்டபடியே தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் போடுகிறேன்.